சொல்லுக்கு முன்பு ஒரு கோடு

தருமபுரி மாவட்டத்தின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் ஊர்ப்புறத் தோப்புகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. வில்லோ வாளோ ஏந்திய வீரன் ஒருவனின் உருவம் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட இந்நிலப்பகுதி, தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களுள் ஒன்றாகும். பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் உருவத்தின் அருகே வட்டெழுத்தில் சில வரிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த மன்னனின் ஆட்சியாண்டு, எந்த ஊர், வீழ்ந்தவன் யார், ஆநிரை மீட்கச் சென்றானா, ஊரைக் காக்கப் போரிட்டானா என்பன அவ்வரிகளால் விளங்கும். எழுத்தே இல்லாத கற்களும் உண்டு. மழையிலும் வெயிலிலும் எழுத்துத் தேய்ந்துபோன கற்களும் உண்டு. அவ்வாறான நடுகற்கள் பலவற்றை ஊரார் வேடியப்பன் என்று அழைத்து வழிபடுகின்றனர். அவர்களுடைய பக்தி மெய்யானது. ஆயினும் அங்கு நிற்பவன் யார், எந்தத் துயரத்தை நினைந்து அக்கல் நடப்பட்டது என்பன மறைந்துபோயின. உருவம் எஞ்சிச் சொல் இல்லாமற்போகும் இடத்தில், பார்ப்பவர் தமக்குத் தெரிந்த பெயரைச் சூட்டிவிடுகின்றனர்.

இதே நிலை, பள்ளி மாணவர் ஒருவரின் குறிப்பேட்டிலும் நேரக்கூடும்.

கடைசிப் பக்கம்

மேல்நிலை வகுப்பு மாணவரின் கணக்கு ஏட்டினைப் பின்புறமிருந்து புரட்டினால், பாடத்தில் இல்லாத பலவற்றைக் காணலாம். நடிகரின் முகம், பூ வேலைப்பாடு, நண்பரின் பெயரைச் சுற்றிய அலங்காரம், மீண்டும் மீண்டும் அழுத்தி வரையப்பட்ட வட்டம். பெரும்பாலானவை பொழுதுபோக்கிற்காகக் கிறுக்கியவையே. அவற்றுள் ஏதோ ஒன்று அப்படிப்பட்டதாக இருப்பதில்லை. கதவே இல்லாத ஒரு வீடு, வாய் வரையப்படாத ஒரு முகம், கிணற்றின் அடியிலிருந்து மேலே பார்க்கும் ஓர் உருவம் எனத் தொடர்ந்து பல வாரங்கள் ஒரே படத்தை ஒருவர் வரைந்துகொண்டிருக்கலாம். என்ன ஆயிற்று என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பதே விடையாக வரும். அவ்விடை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தம்முள் நிகழ்வதற்கு இன்னும் சொல் கிடைக்காதவர் வேறென்ன கூற இயலும்?

உள்ளத்தில் எழுவது உடலில் புலப்படும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்கு அறிந்திருந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம், மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலையே வகுத்து, எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றாகிய இளிவரல் தோன்றுவதற்குரிய நிலைக்களன்களாக மூப்பு, மென்மை ஆகியவற்றுடன் பிணியும் வருத்தமும் சுட்டப்படுகின்றன. துன்புறுவோர் தம்மையே தாழ்வாக எண்ணி ஒடுங்குவர் என்னும் நுட்பமான கவனிப்பு இதனுள் இருக்கிறது. இன்றைய வகுப்பறையில் இந்த ஒடுக்கம் எளிதில் கண்ணில் படுவதில்லை. சீருடையும் வரிசையும் வருகைப்பதிவும் எல்லாரையும் ஒன்றுபோலக் காட்டுகின்றன. முகம் மறைத்ததைக் கை வெளியிடுவது அப்போதுதான். அதற்குத் தேவைப்படுவன ஒரு பென்சிலும் ஒரு வெற்றுப் பக்கமும் மட்டுமே.

இராமானுஜத்தின் நகரங்கள்

தருமபுரியிலோ வேறெங்கோ இன்று அவ்வாறு வரையும் மாணவரின் ஏட்டை வெளியில் எடுத்துப் பேசுவது முறையன்று. ஆயின், தம் படங்களைப் பொதுவில் வைத்துவிட்டுச் சென்ற ஒருவரைப் பற்றிப் பேசலாம். அவர் தமிழ்நாட்டு ஓவியரான கே. இராமானுஜம். 1940களின் தொடக்கத்தை ஒட்டிப் பிறந்த அவர், சென்னையிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். அக்கல்வி நிறுவனத்தை 1850 இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். இராமானுஜம் பயின்ற காலத்தில் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக இருந்தார்.

இராமானுஜத்திற்குச் சரளமாகப் பேச வராது. சொற்கள் தடைபட்டே வெளிவரும். மனச்சிதைவு நோயாலும் அவர் துன்புற்றதாக அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தோற்றத்தையும் பேச்சையும் கொண்டு மனிதரை எடைபோடும் உலகில் அவர் தனித்தே இருந்தார். அவருடைய மாணவப் பருவத்தில் அவரிடமிருந்த பெருந்திறன் கோடுகளில் இருந்தது. அதனைப் பணிக்கர் கண்டுகொண்டார். 1966 இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, இராமானுஜமும் அங்கு வாழ்ந்தார். துணிகளில் மெழுகுச்சாய வேலை செய்து விற்று, அவ்வருவாயில் ஓவியம் வரையும் வாழ்க்கையை அக்கிராமத்தார் அமைத்துக்கொண்டனர்.

அவர் வரைந்தவை பெரும்பாலும் கற்பனை நகரங்கள். மையைத் தொட்டுத் தாளில் நுண்கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்து இழைத்து அவற்றை எழுப்பினார். கோபுரங்கள், குவிமாடங்கள், தூண் வரிசைகள், படிக்கட்டுகள், பறக்கும் விந்தை விலங்குகள் என்று காகிதத்தில் ஓரிடமும் வெறுமையாக இராது. அக்கூட்டத்தினிடையே தொப்பியணிந்த ஒரு மனிதர் அடிக்கடி தோன்றுவார். அவர்தான் இராமானுஜம். வெளியுலகில் ஒதுங்கி நின்ற அவர், தம் தாளுக்குள் அரண்மனைகளின் நடுவே நடந்தார். அழகிய மகளிர் சூழ நின்றார். சென்னையின் கன்னிமாரா உணவு விடுதிக்கென அவர் தீட்டிய பெரிய ஓவியங்கள், அந்த நகரங்களைச் சுவரளவுக்கு விரித்துக் காட்டின.

இப்படங்களில் அழும் முகத்தைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். துயரத்தை வரைவதென்றால் இருளையும் கண்ணீரையும் வரைவது என்று பலர் கருதுகின்றனர். இராமானுஜம் வலியை வரையவில்லை. அந்த வலி இல்லாத இடத்தை வரைந்தார். அவருக்கு எது மறுக்கப்பட்டிருந்தது என்பதை அந்த அரண்மனைகளே காட்டிக்கொடுக்கின்றன.

1973 இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இந்த முடிவைக் கொண்டு அவருடைய வாழ்வு முழுவதற்கும் பொருள் கூறிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. நோய்தான் அவரைக் கலைஞராக்கியது என்பர் சிலர். கலையில் மூழ்கியதால்தான் அவர் அழிந்தார் என்பர் வேறு சிலர். இரண்டும் பிழை. நோயுற்ற பல்லாயிரவர் ஓவியர் ஆவதில்லை. ஓவியர் பல்லாயிரவர் நோயுறுவதும் இல்லை. பல்லாண்டுப் பயிற்சியும் நல்லாசிரியரின் துணையும் அவருடைய கோட்டை உருவாக்கின. நோய் அவருக்குத் துன்பத்தையே தந்தது. துன்பம் மேதைமையின் விலை என்னும் கவர்ச்சியான கருத்து, உதவி தேடவேண்டிய இளைஞரைத் தேடவிடாமல் தடுக்கும் தீமையைச் செய்கிறது.

புள்ளிகள் வரைந்த சிறுமி

இராமானுஜம் மறைந்த அதே 1973 இல், அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஓவியர் ஒருவர் உடலும் மனமும் நைந்தவராக ஜப்பானுக்குத் திரும்பினார். அவர் யயோய் குசாமா. 1929 இல் மத்சுமோத்தோ நகரில் பிறந்த அவருக்குப் பள்ளிப் பருவத்திலேயே இல்லாத காட்சிகள் தெரியத் தொடங்கின. மேசைவிரிப்பின் பூவேலைப்பாடு சுவரிலும் கூரையிலும் தம் உடலிலும் பரவி, தாமே அதனுள் கரைந்துபோவதுபோல் உணர்ந்ததை அவர் பின்னாளில் பலமுறை விவரித்துள்ளார். அச்சம் தாளாமல், கண்டவற்றை உடனுக்குடன் வரையலானார். பத்து வயதில், 1939 இல், அவர் பென்சிலால் வரைந்த பெண்ணுருவம் ஒன்று இன்றும் உள்ளது. அவ்வுருவத்தின் மேலும் பின்புலத்திலும் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. மகள் ஓவியராவதைத் தாய் விரும்பவில்லை. வரைந்த தாள்களைப் பறித்ததும் உண்டு. பின்னாளில் அந்தப் புள்ளிகளே உலகம் முழுவதும் அவருடைய அடையாளமாயின.

1977 இல் குசாமா, டோக்கியோவிலுள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் தாமே விரும்பித் தங்கத் தொடங்கினார். ஓவியக்கூடத்தை மருத்துவமனைக்கு அருகிலேயே அமைத்துக்கொண்டார். பகலில் கூடத்திற்குச் சென்று வரைவதும், பின்னர் மருத்துவமனைக்குத் திரும்புவதுமாகப் பல பத்தாண்டுகள் கழிந்தன. உலகின் புகழ்பெற்ற காட்சியகங்களில் இடம்பெற்ற அவருடைய படைப்புகளில் மிகப் பல, அந்தக் காலத்தில் உருவானவை.

இரு வாழ்வுகளையும் தராசில் வைப்பது நியாயமாகாது. நாடும் சூழலும் நோயின் தன்மையும் வேறு வேறு. எனினும் குசாமாவின் அன்றாட நடை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. தூரிகை மருத்துவரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மருத்துவரும் தூரிகையைப் பறிக்கவில்லை. தாகத்திற்கு நீரும் காய்ச்சலுக்கு மருந்தும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மற்றது தேவையில்லை என்று எவரும் கூறுவதில்லை.

வரைதல் என்ன செய்கிறது

மனச்சுமை உடையோர்க்கு வரைதல் ஏதேனும் பயன் தருகிறதா என்னும் வினா ஆய்வாளர்களையும் ஈர்த்துள்ளது. கலைவழிச் சிகிச்சை என்னும் துறைக்கு ஆங்கிலத்தில் 1942 இல் பெயர் கொடுத்தவர் ஏட்ரியன் ஹில் என்னும் பிரித்தானிய ஓவியர். அவர் மருத்துவர் அல்லர். காசநோய்க்காக மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருந்த நோயாளி. படுக்கையில் இருந்தபடியே வரைந்து, தமக்குக் கிடைத்த ஆறுதலை உடனிருந்த நோயாளிகளுக்கும் பகிர்ந்தார். அங்கிருந்தே அத்துறை வளரலாயிற்று.

2016 இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், 39 பேர் 45 நிமிடங்கள் தமக்கு விருப்பமான கலைப்பொருள்களைக் கொண்டு எதையேனும் உருவாக்கினர். அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரின் அளவு பார்க்கப்பட்டது. மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் இயக்குநீர் அது. ஏறத்தாழ 75 விழுக்காட்டினரிடம் அதன் அளவு குறைந்திருந்தது. முன்பே வரையப் பழகியவர்கள், பழகாதவர்கள் என்னும் வேறுபாடு அதில் தென்படவில்லை. ‘எனக்கு வரைய வராது’ என்று ஒதுங்குவோர் கவனிக்கத் தக்க செய்தி இது.

ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் ஆகிய இரு உளவியலாளர் நடத்திய ஆய்வுகள் மேலும் வியப்பானவை. வருத்தம் தரும் நிகழ்வொன்றை நினைக்கச் செய்தபின், சிறுவர் சிலரிடம் அந்த நிகழ்வையே வரையுமாறும், வேறு சிலரிடம் ஒரு வீட்டை வரையுமாறும் கூறப்பட்டது. வருத்தத்தைக் கொட்டித் தீர்த்தோரைவிட, வீட்டை வரைந்தோரின் மனநிலையே மிகுதியாக மேம்பட்டது. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்னும் பொது நம்பிக்கையை இது சற்றே அசைக்கிறது. சில நேரங்களில் கவனம் வேறொன்றில் ஊன்றி நிற்பதே ஓய்வாகிறது. இராமானுஜம் ஏன் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளால் அரண்மனைகளை எழுப்பிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க, இந்த ஆய்வு ஒரு வழியைத் திறக்கிறது. மார்கழி விடியலில் சிக்குக்கோலம் இடுவோரும், புள்ளி தப்பாமல் இழை சுற்றும் அந்தச் சிறிது நேரம் பிற கவலைகள் அண்டுவதில்லை என்பதை அறிவர்.

இவற்றை வைத்து வரைந்தாலே நோய் நீங்கும் என்று கொள்ளலாகாது. அளவில் சிறிய இந்த ஆய்வுகள் காட்டுவது, குறுகிய நேர மாற்றத்தையே. வாரக்கணக்கில் தொடரும் மனச்சோர்வும், உறக்கமின்மையும், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணமும் இவ்வாறு தீர்வன அல்ல.

படத்தைத் தவறாகப் படித்தல்

ஓவியத்தைப் பார்த்தே வரைந்தவரின் மனத்தைச் சொல்லிவிட முடியும் என்னும் நம்பிக்கை பழமையானது. அதனால் விளைந்த பிழைகளும் பல. லூயி வெய்ன் (1860–1939) என்னும் ஆங்கில ஓவியர் பூனைகளை வரைந்து பெரும்புகழ் பெற்றவர். வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளை அவர் மனநல மருத்துவமனைகளில் கழித்தார். அவர் வரைந்த எட்டுப் பூனைப் படங்களை வால்டர் மேக்லே என்னும் மனநல மருத்துவர் கடையொன்றில் கண்டெடுத்தார். இயல்பான பூனையில் தொடங்கி, வண்ணச் சிதறலாக மாறிப்போன பூனையில் முடியுமாறு அவற்றை வரிசைப்படுத்தினார். நோய் முற்ற முற்ற ஓவியம் எப்படிச் சிதைகிறது என்பதற்குச் சான்றாக, அவ்வரிசை உளவியல் பாடநூல்களில் பல்லாண்டு அச்சாகி வந்தது. அப்படங்கள் எவற்றிலும் நாள் குறிக்கப்படவில்லை என்பதே இதில் உள்ள இடர். எது முதலில் வரையப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. தம் கடைசிக் காலத்திலும் வெய்ன் இயல்பான பூனைகளை வரைந்துகொண்டிருந்தார். வண்ணச் சிதறல்களை அவர் ஓர் அழகிய புதுமுயற்சியாகவே செய்திருக்கலாம். பாடநூல் கூறிய கதை, படங்களை அடுக்கியவரின் கதையாகும்.

இதைவிடக் கொடிய தவறும் நேர்ந்தது. ஹான்ஸ் பிரின்ட்ஸ்ஹார்ன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளின் ஆயிரக்கணக்கான படைப்புகளைச் சேகரித்து, 1922 இல் அவற்றின் கலைச்சிறப்பை விளக்கி நூல் எழுதினார். அந்தத் தொகுப்பின் படங்களையே பின்னாளில் நாஜி அரசு இழிவுபடுத்திக் காட்சிக்கு வைத்தது. அவற்றை வரைந்தோருள் சிலர், நோயாளிகளைக் கொன்றொழித்த அவ்வரசின் திட்டத்தில் உயிரிழந்தனர். ஒரே படத்தை ஒருவர் கலையாகவும் மற்றொருவர் குற்றச்சாட்டாகவும் படித்தனர்.

தருமபுரிப் பள்ளி ஒன்றில் இத்தகைய தவறு சிறிய அளவில் எளிதாக நிகழ்ந்துவிடும். கருப்பு மையால் தாள் முழுவதும் நிரப்பிய மாணவரைச் சோர்வுற்றவர் என்று ஒருவர் முடிவுகட்டலாம். அவரிடம் அன்று இருந்தது கருப்பு எழுதுகோல் ஒன்றே என்பதும் காரணமாக இருக்கக்கூடும். கருப்பு, துக்கத்தின் நிறம் என்பது எல்லா நிலத்துக்கும் பொருந்துவதும் அன்று. தமிழ்நாட்டில் காவல் தெய்வத்தின் பெயரே கருப்பசாமி. இழப்பின் நிறமாகப் பல வீடுகளில் வெள்ளையே இருந்துவந்துள்ளது. பிதுங்கிய விழியும் கோரைப் பற்களுமாக வானுயர வீற்றிருக்கும் முனியப்பன் சிலைகளைச் சேலம், தருமபுரிப் பகுதிச் சாலையோரங்களில் காணலாம். அந்த உருவத்தை வரைந்த சிறுவனிடம், வெளியூரிலிருந்து வந்தவர் அச்சத்தைக் காண்பார். அவனோ தன்னைக் காக்கும் சாமியை வரைந்திருப்பான்.

ஆகவே, கலைவழிச் சிகிச்சையில் தேர்ந்தோர் படத்திற்குப் பொருள் உரைக்க விரைவதில்லை. ‘இது என்ன?’ என்று வினவுவதையும் தவிர்ப்பர். அவ்வினாவில் படம் சரியாக வரவில்லை என்னும் குறிப்பு ஒளிந்திருக்கிறது. ‘இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல விருப்பமா?’ என்பது வேறு வகையான அழைப்பு. கதவில்லாத வீட்டை வரைந்தவரிடம் கதவு ஏன் இல்லை என்று கேட்பதைக் காட்டிலும், அந்த வீட்டினுள் யார் இருக்கிறார் என்று கேட்கலாம். விடை வரும்வரை பொறுத்திருக்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பன வரைந்தவரின் உரிமை. பொருள்களிலும் அவர்கள் கவனம் செலுத்துவர். பென்சில், பிடிப்பவரின் கட்டுக்குள் நிற்பது. நீர்வண்ணம் தன்போக்கில் ஓடுவது. களிமண் அடிக்கவும் பிசையவும் இடம் தருவது. பதற்றம் மிக்கவர்க்கு எடுத்தவுடன் நீர்வண்ணத்தைக் கொடுத்தால், அது ஓடும் ஓட்டமே பதற்றத்தைக் கூட்டிவிடக்கூடும்.

வகுப்பறையில்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022–23 ஆம் கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. ஓவியமும் அதில் இடம்பெறுகிறது. போட்டி, திறமையைக் கண்டறியும். பரிசும் ஊக்கம் தரும். ஆனால் இங்குப் பேசப்படும் வரைதல், மேடையேறுவதற்கு உரியதன்று. மதிப்பெண்ணும் நடுவரும் உள்ள இடத்தில் எவரும் வாயில்லா முகத்தை வரைந்து காட்டுவதில்லை. அதற்கு ஏற்ற நேரம் வாராந்தர ஓவியப் பாடவேளை. தேர்வு நெருங்கும்போது முதலில் கணக்குப் பாடத்துக்குக் கடனாகப் போவதும் அதுவே. திருப்பித் தரப்படாத கடன்!

மாணவர்களிடையே பேணவேண்டிய நெறி ஒன்று உண்டு. தோழரின் ஏட்டில் கண்ட படத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் புலனக் குழுவில் பரப்புவது விளையாட்டாகத் தோன்றலாம். வரைந்தவருக்கு அது, பேசுவதற்கு இருந்த ஒரே வாயையும் அடைப்பதாகும். ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல் போதும். அதன்பின் அவர் வரையவும் மாட்டார், வாய் திறக்கவும் மாட்டார்.

காக்கத் தகாத மறைவும் ஒன்று இருக்கிறது. படத்திலோ பேச்சிலோ ஒருவர் தம்மைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம், இனி வாழ்வதற்கில்லை என்னும் எண்ணம் வெளிப்படுமானால், அது நண்பர்களுக்குள் மட்டும் இருக்கவேண்டிய செய்தியன்று. முன்பு ஆர்வமாய்ச் செய்தவற்றைத் திடீரெனக் கைவிடுவதும், நெஞ்சுக்கு நெருக்கமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவதும் அதனுடன் சேர்ந்து வந்தால் இன்னும் விரைவு தேவை. வாக்குக் கொடுத்திருந்தாலும் நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றே கூறவேண்டும். சில நாள் தோழர் கோபமாக இருப்பார். அது தாங்கக்கூடிய இழப்பு.

உதவிக்குப் போவது வெட்கத்திற்கு உரியதன்று என்பதைச் சட்டமும் ஏற்றுள்ளது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசின் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக வரையறுத்தது. தம் உயிரைப் போக்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும். அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் தருமபுரியின் மலையோரச் சிற்றூரில் உள்ளவர் ஒருவர் அதற்காகச் சென்னைக்குப் பயணப்படவேண்டிய காலம் இன்று இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் செயல்படுகிறது. தருமபுரி நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்ட தேசியத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மருத்துவரின் எதிரில் அமர்ந்ததும் சொல் நின்றுபோவது பலர்க்கும் நேர்வதே. எங்கே தொடங்குவது என்று தெரியாத மாணவர், தம் ஏட்டையே எடுத்துச் செல்லலாம். கடைசிப் பக்கத்தை விரித்து மேசைமீது வைத்தால், முதல் வினாவை மருத்துவர் அங்கிருந்து கேட்பார். அந்த வீட்டினுள் இருப்பவர் யார் என்பதை வரைந்தவர் தம் சொற்களிலேயே கூறலாம்.